கழிவுச் சாக்கு

கம்பனிக்காரன் சொன்னது இவ்வளவுதான்:
நல்லதில் ஒரு தட்டுக் காட்டுங்க மிஸ்,
கெட்டதில் ஒரு தட்டுக் காட்டுங்க,
மீதியை அது தானாகப் படிச்சிடும்.

மீதி என்றால் எவ்வளவு என்று
நான் கேட்கவில்லை.

சம்மாந்துறை மில்லில் எனக்கு இது பதினோராவது வருஷம்.
நீலத் தட்டில் பச்சையரிசியைப் பரப்பி
விரலால் ஒதுக்கி எண்ணுகிற வேலை.
கறுத்தது, பழுத்தது, உடைந்தது,
வயிற்றில் சுண்ணாம்பு வைத்தது, கல்.
நூறு கிராமில் இத்தனை என்று சீட்டெழுதி
கீழே ஜெஸீமா என்று கையெழுத்து வைப்பேன்.

அது கையெழுத்து வைக்காது.
அதன் தொண்டைக்குள் அரிசி கொட்டும்போது
இரண்டு பக்கமும் கெமரா.
பிடிக்காத மணியின் இடுப்பில்
காற்றால் ஒரு சுண்டு.
டிக். டிக்டிக். டிக்.
தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி.

முதல் வாரம் கல்லை விட்டது, நல்லதை உதைத்தது.
நான் பொத்தானை அழுத்தினேன்:
பிழை, பிழை, சரி, பிழை.
மூன்றாம் வாரம் என் விரல் போகுமுன்னே
அதற்குத் தெரிந்திருந்தது.
மல்வத்தையிலிருந்து வருகிற கோகுலேஸ் பகிடி விட்டான்:
"ராத்தா, ஒங்கட கண்ணக் கழட்டி
அதுக்குள்ள வெச்சிட்டாங்க.
மறுகா நீங்க என்னத்துக்கு?"
சம்பள நாள் வரைக்கும்
அந்தப் பகிடி என் வயிற்றில் கிடந்தது.

தையில், வெட்டுக்கு நின்ற வெள்ளாமை
நாலு நாள் தண்ணிக்குள் படுத்தது.
இறக்காமம், நாவிதன்வெளி, ஆலையடிவேம்பு,
எந்த லொறியில் படங்கைத் தூக்கினாலும்
அதே புளித்த வாடை.
குத்தினால் அதே மஞ்சள்.

அன்றைக்கு அது வெறி பிடித்து எல்லாவற்றையும் உதைத்தது.
கழிவுச் சாக்கு புடைக்க
நல்ல சாக்கு வயிறொட்டித் தொங்கியது.
உதுமாலெவ்வை ஹாஜியார் வந்து பார்த்தார்,
தொப்பியைக் கழற்றினார், போட்டார், போய்விட்டார்.
இரவு வேலைக்காரரிடம் விட்டுவிட்டு
நானும் வீட்டுக்குப் போனேன்.

காலையில் தூறல் குறைந்திருந்தது.
சாக்குகள் வழக்கமான உயரத்தில் நின்றன.
திரையில் பச்சை வெளிச்சம்.
எல்லாரும் தேத்தண்ணி குடித்தார்கள்.
ஹாஜியார் கொழும்புக்குப் போன் எடுத்து நன்றி சொன்னார்.

நல்ல சாக்குக்குள் கை விட்டேன்: மஞ்சள்.
கழிவுச் சாக்குக்குள் விட்டேன்.
கல், உமி, கறுப்பு,
நடுவில் வெள்ளை.
முறியாத, முழுசான, பால்பல் வெள்ளை.
தண்ணி ஏறாமல் தப்பிய ஏதோ ஒரு மேட்டு வட்டை.
ஆயிரத்துக்கு நாலு மணி, ஐந்து மணி.

கம்பனிக்காரன் போனில் பொறுமையாகச் சொன்னான்:
அது பிழையில்ல மிஸ், அது அப்படித்தான் பழகும்,
எது கூடவோ அதை நடுவில் வைக்கும்,
எது குறைவோ அதைத் தள்ளும்,
நல்லது கெட்டது அதுக்குத் தெரியாது.

போனை வைத்துவிட்டு
கொஞ்ச நேரம் எழும்பாமல் இருந்தேன்.
இந்த மாவட்டத்தில் பிறந்தவளுக்கு
இதைச் சொல்லித்தரக்
கொழும்பிலிருந்து ஆள் வரத் தேவையில்லை.

பிறகு கழிவுச் சாக்கைக் குப்புறக் கொட்டி
வெள்ளையாய்ப் பொறுக்கிப் பொறுக்கி
ஒரு தட்டுச் சேர்த்து அதற்குக் காட்டினேன்.
சரி, சரி, சரி.
போதாது என்றது.
ஒரு தட்டெல்லாம் அதற்கு இப்போது
ஒரு கணக்கே இல்லை.

அந்த வாரம் வீட்டிலும் மில் அரிசிதான்.
முதல் நாள் மகன் கோப்பையைத் தள்ளிவைத்தான்,
சோறு மணக்குது உம்மா என்று.
இரண்டாம் நாள் முகத்தைச் சுளித்தான்.
நாலாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை.
கை கழுவும்போதுதான் கவனித்தேன்,
எனக்கும் மணக்கவில்லை.

பொறுக்கிய வெள்ளையை ஒரு ஜாம் போத்தலில் போட்டு
மேசையில் வைத்திருக்கிறேன்.
கோகுலேஸ் கேட்டான், விதைக்கவா என்று.
தீட்டின அரிசி எங்கே முளைக்கும்.

காலையில் தட்டைப் பரப்புமுன்
மூடியைத் திறந்து
என் கண்ணுக்கு ஒருதரம் காட்டுகிறேன்.
பின்னால் அது
டிக். டிக்டிக்.